மணலுக்கு அடியில் எகிப்தியக் கல்லறை: ராடார் அளவீட்டில் புதிதாக இறங்குபவர்களுக்கு

தொல்லியலோ புவி இயற்பியலோ படித்துவிட்டு, எகிப்தில் புதைந்து கிடக்கும் கல்லறைகளைத் தேடும் குழு ஒன்றில் சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜிபிஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தரை ஊடுருவும் ராடார்தான் இந்த வேலையில் அதிகம் பேசப்படும் கருவி. அதை இழுத்துக்கொண்டு நடக்க அரை நாளில் பழகிவிடலாம். அது காட்டும் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தீர்மானிக்கப் பழகத்தான் காலம் பிடிக்கும். ஆகவே அந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஆன்டெனா ஒரு குறுகிய ரேடியோத் துடிப்பைத் தரைக்குள் அனுப்புகிறது. மணல் முடிந்து பாறை தொடங்கும் இடத்திலும், பாறை முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்திலும் அந்த அலையில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. எவ்வளவு நேரம் கழித்து வந்தது, எவ்வளவு வலுவோடு வந்தது என்பதுதான் பதிவாகிறது. சவப்பெட்டியையும் பாறைப் பிளவையும் பிரித்துச் சொல்ல அந்தக் கருவிக்குத் தெரியாது. அது நம் வேலை.

காற்றில் இந்த அலை ஒரு நானோவினாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடும். உலர்ந்த மணலில் சுமார் 15, சுண்ணாம்புக்கல்லில் 11 முதல் 13, தண்ணீரில் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். இதை நிர்ணயிப்பது பொருளின் ஒப்புமை விடுதிறன், அதாவது வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்ற எண். அது கூடினால் அலையின் வேகம் குறையும். காற்றுக்கு அது 1, உலர்ந்த மணலுக்கு 3 முதல் 5, சுண்ணாம்புக்கல்லுக்கு 5 முதல் 8, தண்ணீருக்கு 80ஐ ஒட்டி. அலை போய்த் திரும்பிய நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். கணக்கு எளிது. அந்த வேகத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் சிக்கல், அதற்குப் பின்னால் வருகிறேன்.

படி 1: அனுமதி

எகிப்தில் தனியாளாக ஒரு ராடாரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. 1983ஆம் ஆண்டின் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் எண் 117, அதன் பின்னாளைய திருத்தங்கள் ஆகியவற்றின்படி தொல்லிடங்கள் அரசின் பொறுப்பில் உள்ளன. தரையைத் தோண்டாத அளவீட்டுக்கும் தொல்பொருள் உயர் மன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் ஒரு பல்கலைக்கழகத்தின் அல்லது ஆய்வு நிறுவனத்தின் பெயரில் போகும், நிரந்தரக் குழு அதைப் பார்க்கும், பாதுகாப்புத் துறையின் ஒப்புதலும் தேவை. களத்தில் மன்றத்தின் ஆய்வாளர் ஒருவர் உங்களோடு இருப்பார். அவரிடம் நிறையக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த மண்ணை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஹெல்வானில் இருக்கும் தேசிய வானியல், புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் இத்தகைய அளவீடுகளில் நல்ல அனுபவம் உள்ளவர்கள். வெளிநாட்டுக் குழுக்கள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். ஆக, புதியவருக்கு உள்ள வழி ஒன்றுதான்: ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு குழுவில் உதவியாளராகச் சேர்வது. வேலை பெரும்பாலும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் நடக்கும், கோடையில் அந்த மணலில் நாள் முழுக்க நிற்க முடியாது.

படி 2: அந்த மண்ணுக்கு ராடார் ஒத்துவருமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கிளம்பியவர்கள் வரலாற்றில் உண்டு. எகிப்து என்றால் உலர்ந்த பாலைவனம், உலர்ந்த இடம் என்றால் ராடாருக்குச் சொர்க்கம் என்று நினைக்கத் தோன்றும். 1974இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனமும் கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகமும் கீசா பிரமிடுகளுக்குள் மறைந்த அறைகள் உண்டா என்று ரேடியோ அலைகளால் தேடிப் பார்த்தன. அங்குள்ள சுண்ணாம்புக்கல் நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் ஈரமும் உப்பும் இருந்தன. அலை எதிர்பார்த்த தூரம் போகாமல் வழியிலேயே தேய்ந்துபோனது. மழையே பெய்யாத ஊரிலும் கல்லுக்குள் ஈரம் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

மின்சாரத்தைக் கடத்தும் எதுவும் இந்த அலையைத் தின்றுவிடும். உப்பு, ஈரம், களிமண் மூன்றும் அப்படிப்பட்டவை. சக்காராவிலும் லக்சரிலும் வேலை செய்பவர்கள் தஃப்லா என்று ஒரு வார்த்தையை அடிக்கடி சொல்வார்கள். களிமண் கலந்த மென்மையான படிவு அது. சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையிலும் அடியிலும் வரும். தஃப்லா வந்துவிட்டால் அதற்குக் கீழே ராடார் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

நைல் டெல்டா இன்னும் கடினம். வண்டல் மண், உயர்ந்த நிலத்தடி நீர்மட்டம். அங்கே ராடாரை விட்டுவிட்டு, தரையின் காந்தப்புலத்தில் இடத்துக்கு இடம் வரும் சின்ன மாற்றங்களை அளக்கும் காந்தமானியை எடுப்பதுதான் அறிவு. இரண்டாம் ராமசேஸின் தலைநகரான பி-ராமசேஸ் இருந்த கந்திரில், 1990களில் ஜெர்மானியக் குழு காந்தமானியால்தான் தெருவையும் கட்டடத்தையும் வரைபடமாக எடுத்தது. எனவே எங்கே ராடார்? சக்காரா, கீசா, தஹ்ஷூர், அபிடோஸ் போன்ற பாலைவன விளிம்புகளிலும், மன்னர்களின் பள்ளத்தாக்கு போன்ற பாறைப் பள்ளங்களிலும். அங்கும் முதல் நாளே சில சோதனை ஓட்டங்கள் (ஆன்டெனாவை ஒரு நேர்க்கோட்டில் இழுத்து நடப்பது ஓர் ஓட்டம்) எடுத்து, அலை எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்த பிறகுதான் மீதித் திட்டம்.

படி 3: எதைத் தேடுகிறோம்?

புதியவர்கள் கல்லறை என்றதும் ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். களத்தில் பெரும்பாலும் தேட வேண்டியது அறையை அல்ல, வாயை. பழைய அரசு காலத்து மஸ்தபாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே செங்கல் அல்லது கல்லால் ஆன திண்டு போன்ற கட்டடம், அதற்குள்ளிருந்து பாறையைக் குடைந்து கீழே இறங்கும் செங்குத்துக் குழி, குழியின் அடியில் புதை அறை. சாயித் காலத்து (பொ.ஆ.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகள்) குழிக் கல்லறைகள் சக்காராவில் 25 மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. அந்த ஆழத்து அறையை மேலே நின்று ராடாரில் பார்க்க எதிர்பார்க்காதீர்கள். ஆனால் குழியின் வாய், பாறையின் மேற்பரப்பை எங்கே வெட்டியிருக்கிறார்களோ அங்கே, ஒன்றிரண்டு மீட்டர் மணலுக்கு அடியில்தான் இருக்கும். பாறைப் பரப்பு படத்தில் ஒரு தொடர்ச்சியான கோடாக வரும். அந்தக் கோடு திடீரென்று அறுந்து, ஒன்றிரண்டு மீட்டர் கழித்து மறுபடி தொடர்ந்தால், பக்கத்து ஓட்டங்களிலும் அதே இடைவெளி நேர்விளிம்போடு வந்தால், பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணலில் வெறும் பள்ளம் தோண்டிப் புதைத்த மிகப் பழைய காலத்துப் புதைகுழிகள் வேறு விஷயம். மணலுக்குள் அதே மணலை நிரப்பியிருப்பார்கள். வேறுபாடு மிகக் குறைவு, ராடாருக்குச் சிக்குவது அரிது.

களத்துக்குப் போகும் முன் பழைய அகழாய்வு வரைபடங்களையும் குறிப்புகளையும் தேடிப் படித்துவிடுங்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கேவி5 என்ற கல்லறைக்குள் ஜேம்ஸ் பர்ட்டன் 1825இலேயே தவழ்ந்து போயிருக்கிறார். பிறகு மற்ற அகழாய்வுகளின் மண் அதன் வாசலில் கொட்டப்பட்டு, இடமே மறந்துபோனது. அமெரிக்க எகிப்தியல் அறிஞர் கென்ட் வீக்ஸின் குழு அதை மீண்டும் தேடிப் பிடித்து, 1995இல் உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட பெரும் அமைப்பைக் கண்டது. பழைய குறிப்பு சொல்வதை ராடார் சொல்லாது. அதோடு, 19ஆம் நூற்றாண்டில் தோண்டி மூடிய பள்ளங்கள் ராடாரில் கல்லறைக் குழி மாதிரியே தெரியும். அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் போனால், முன்னோர் தோண்டிய குழியையே நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். 1960களின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இப்போது பொதுவில் கிடைக்கின்றன. ஊர்கள் பரவுவதற்கு முன் இடம் எப்படி இருந்தது என்று பார்க்க அவை நன்றாக உதவும்.

படி 4: ஆன்டெனா

அலைவெண் குறைந்தால் ஆழம் கூடும், நுணுக்கம் குறையும். அலைவெண் கூடினால் நேரெதிர். ஓரளவுக்கு, அலைநீளத்தில் கால்பங்கு இடைவெளியில் உள்ள இரண்டு பரப்புகளைப் பிரித்துப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை 12 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் சுண்ணாம்புக்கல்லில் 400 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 30 சென்டிமீட்டர், பிரித்தறியும் அளவு ஏழரை சென்டிமீட்டர். 200 மெகாஹெர்ட்ஸில் அது 15 ஆகிவிடும். மணலுக்கு அடியில் குழி வாய் தேடுவதற்கு 400ஐ ஒட்டியது நல்ல தொடக்கம். இன்னும் கீழே பார்க்க 200 அல்லது 100. ஒரே இடத்தை இரண்டு அலைவெண்களில் எடுப்பது செலவு அதிகம் என்பார்கள். முடிந்தால் செய்யுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் வருவது உண்மையாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கவசமுள்ள ஆன்டெனா கேளுங்கள். கவசமில்லாதது வானத்திலும் பக்கத்திலும் அலையைச் சிதறவிடும். அதன் விளைவை ஏழாவது படியில் பார்ப்போம்.

படி 5: கட்டம் போட்டு நடப்பது

20க்கு 20 மீட்டர் கட்டம், டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) அல்லது துல்லிய ஜிபிஎஸ் கொண்டு நான்கு மூலைகளும் பதிவு, மூலைகளுக்கு நடுவே அளவு நாடா. ஓட்டங்களுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி வைப்பது வழக்கம், 400 மெகாஹெர்ட்ஸில் 25 சென்டிமீட்டர் வைத்தால் படம் தெளிவாக இருக்கும். குழியின் அகலம் சில இடங்களில் ஒரு மீட்டர்தான் என்பதை மறக்காதீர்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் நடந்தால் அது ஒரே ஓட்டத்தில் மாட்டும், அல்லது மாட்டாமலே போகும். நேரம் இருந்தால் குறுக்கிலும் ஒருமுறை நடந்துவிடுங்கள்.

நேர வரம்பைக் கணக்கிட்டு வையுங்கள். 12 சென்டிமீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் பார்க்க 83 நானோவினாடி ஆகும், கொஞ்சம் கூட்டி 110 வைத்தால் போதும். தூரம் அளக்கும் சக்கரத்தை தினமும் காலையில் அந்த மணலிலேயே அளவு நாடாவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். தளர்ந்த மணலில் சக்கரம் வழுக்கும். ஆன்டெனா தரையோடு ஒட்டி ஓட வேண்டும். பள்ளத்தாக்குகளில் கல்லும் சல்லியும் கிடப்பதால் பெரிய கற்களை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள், ஆனால் ஆய்வாளரைக் கேட்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். ஒரு கல் தொல்பொருளாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர்களின் கைபேசியை அணைக்கச் சொல்லுங்கள்.

களக்குறிப்பேடு மிகவும் முக்கியம். எந்த ஓட்டத்தின் எந்த மீட்டரில் வேலி இருந்தது, சுவர் எவ்வளவு தூரத்தில், கார் எங்கே நின்றது, எங்கே கல்லைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது என்று எல்லாம் எழுதுங்கள். மாலையில் கணினி முன் உட்காரும்போது நினைவை நம்ப முடியாது.

படி 6: தரவைச் சுத்தம் செய்தல்

இது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மென்பொருளோடு வரும் பயிற்சிக் கையேடுகளே இதற்குப் போதும். தொடக்க நேரத்தைச் சரிசெய்வது, தாழ்ந்த அலைவெண் இரைச்சலை எடுப்பது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும் கிடைக்கோடுகளைக் கழிப்பது, ஆழத்தில் தேய்ந்த அலையைப் பெருக்குவது, கடைசியில் ஓட்டங்களைச் சேர்த்து ஆழவாரியாகக் கிடைத்தள வெட்டுகள் எடுப்பது. பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பல உண்டு. பழகிக்கொள்ள, இலவசமாகக் கிடைக்கும் ஜிபிஆர்-பை போதும்.

எச்சரிக்கை ஒன்று. கிடைக்கோடுகளைக் கழிக்கும்போது உண்மையான பாறைத் தளமும் கழிந்துபோகலாம். பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெறும் இரைச்சலும் சுவராகத் தெரியத் தொடங்கும். ஆகவே செயலாக்கம் செய்யாத மூலத் தரவைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: படத்தைப் படிப்பது

ஆன்டெனாவின் அலை கூம்பாக விரிவதால், ஒரு தனிக் கல்லுக்கு நேர் மேலே வரும் முன்பும் அதைக் கடந்த பின்பும் அந்தக் கல் தெரியும், ஆனால் சற்றுத் தள்ளி, ஆழமாகத் தெரியும். இதனால்தான் தனிப் பொருள்கள் படத்தில் கவிழ்த்த சட்டி போல வளைகின்றன. பள்ளிக் கணக்கில் படித்த அதிபரவளையம் அது. அந்த வளைவிலேயே வேகம் ஒளிந்திருக்கிறது. வளைவின் உச்சி 20 நானோவினாடியில், அங்கிருந்து 1 மீட்டர் தள்ளி அதே வளைவு 26 நானோவினாடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26இன் வர்க்கம் 676, 20இன் வர்க்கம் 400, வித்தியாசம் 276. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16.6. இரண்டு மீட்டரை அதனால் வகுத்தால் நானோவினாடிக்கு 0.12 மீட்டர். அப்படியானால் கல் 1.2 மீட்டர் ஆழத்தில். தாளும் பேனாவும் எடுத்து இதை ஐந்தாறு வளைவுகளுக்குச் செய்து பாருங்கள், மென்பொருள் தானாகச் சொல்லும் ஆழத்தைக் கண்மூடி ஏற்கும் பழக்கம் போய்விடும்.

இதே கணக்கில் 0.3 மீட்டர் வேகம் வந்தால்? அது காற்றின் வேகம். அலை தரைக்குள் போகவே இல்லை. பக்கத்துச் சுவரிலோ வேலிக் கம்பத்திலோ காரிலோ பட்டுத் திரும்பியிருக்கிறது. களக்குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள், அந்த தூரத்தில் ஏதாவது இருக்கும். ஆழத்தில் அழகாகத் தெரியும் பல 'அறைகள்' இந்தச் சோதனையில் உதிர்ந்துவிடும்.

அடுத்து வலு. 7 விடுதிறன் உள்ள சுண்ணாம்புக்கல்லிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது அலையின் வீச்சில் சுமார் 45 சதவீதம் திரும்பும். அதே கல்லில், குழி மணலால் நிரம்பியிருந்தால், சுமார் 14 சதவீதம்தான். வெற்று அறை சத்தமாகப் பேசும், நிரம்பிய குழி முணுமுணுக்கும். எகிப்தில் நிரம்பியவையே அதிகம்.

வெற்று அறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றில் அலை வேகமாக ஓடுவதால், 2 மீட்டர் உயர அறையின் கூரைக்கும் தரைக்கும் இடையே 13 நானோவினாடிதான் ஆகும். படத்தின் ஆழ அளவுகோல் பாறையின் வேகத்தில் போடப்பட்டிருந்தால் அந்த அறை முக்கால் மீட்டர் உயரமாகத் தெரியும். சின்னப் பிளவு என்று தள்ளிவிடாதீர்கள். மறுபக்கம், உண்மையான இயற்கைப் பிளவுகளும் சுண்ணாம்புக்கல்லில் ஏராளம். அவை சாய்ந்தும் ஒழுங்கற்றும் ஓடும். மனிதன் வெட்டியது பெரும்பாலும் நேர்க்கோடும் செங்கோணமுமாக வரும். கிடைத்தள வெட்டில் அதைத் தேடுங்கள், ஒரே ஒரு செங்குத்துப் படத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள்.

துட்டன்காமனின் கல்லறையில் நடந்ததை ஒவ்வொரு புதியவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2015இல் எகிப்தியல் அறிஞர் நிக்கோலஸ் ரீவ்ஸ், அந்தப் புதை அறையின் வடக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் பின்னால் மூடப்பட்ட வாசல்கள் இருக்கலாம், உள்ளே அரசி நெஃபர்டிட்டி புதைக்கப்பட்டிருக்கலாம் என்று எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானிய வல்லுநர் ஹிரோகாட்சு வாட்டனாபே சுவர்களை ராடாரால் அளந்தார். வெற்றிடம் இருப்பதாக 90 சதவீதம் உறுதி என்று அன்றைய தொல்பொருள் அமைச்சர் மம்தூஹ் எல்தமாத்தி அறிவித்தார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 2016 மார்ச்சில் நேஷனல் ஜியாக்ரஃபிக் ஆதரவோடு வந்த இன்னொரு குழு அதே சுவர்களை அளந்தது, முதல் முடிவை உறுதிசெய்ய முடியவில்லை. பிறகு டூரின் பாலிடெக்னிக்கின் பிரான்செஸ்கோ போர்செல்லி குழு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ராடார்கள், பல அலைவெண்கள். 2018 மே மாதம் அவர்கள் முடிவைச் சொன்னார்கள்: சுவரை அடுத்து மறைந்த அறைகள் இல்லை. 2020இல், கல்லறைக்குச் சில மீட்டர் தள்ளிப் பாறைக்குள் நடைபாதை போன்ற ஒன்று தெரிவதாக எல்தமாத்தி குழுவின் அளவீடு பற்றி மறுபடி செய்தி வந்தது.

ஒரே பாறை, ஒரே சுவர், பல முடிவுகள். யாரும் பொய் சொல்லவில்லை. பிளவுகள் நிறைந்த பாறையில், சின்ன அறைக்குள், எல்லாச் சுவர்களும் அலையைத் திருப்பி அனுப்பும் இடத்தில், ஒரு கருவியின் ஒரு அளவீட்டை வைத்துச் சதவீதம் சொன்னதுதான் பிரச்சினை. என் கருத்தில், மூலத் தரவை மற்றவர்கள் திறந்து பார்க்க முடியாத எந்த ராடார் கண்டுபிடிப்பையும் கண்டுபிடிப்பு என்றே அழைக்கக் கூடாது.

படி 8: இன்னொரு கருவியிடம் கேட்பது

கீசாவின் மேற்குக் கல்லறைத் தோட்டத்தில், மஸ்தபாக்களுக்கு நடுவே கட்டடம் எதுவும் தெரியாத வெற்றுத் திடல் ஒன்று உண்டு. ஹிகாஷி நிப்பான் பன்னாட்டுப் பல்கலைக்கழகமும் தொஹோகு பல்கலைக்கழகமும் முதல் படியில் சொன்ன ஹெல்வான் நிறுவனத்தோடு சேர்ந்து 2021 முதல் 2023 வரை அதை அளந்தன. ராடாரில், 2 மீட்டர் ஆழத்துக்குள், சுமார் 10க்கு 15 மீட்டர் அளவில் எல் வடிவ அமைப்பு ஒன்று தெரிந்தது. அவர்கள் அதோடு நிற்காமல் மின்தடை அளவீடும் எடுத்தார்கள். அதில் 5 முதல் 10 மீட்டர் ஆழத்திலும் ஏதோ இருப்பது தெரிந்தது. 2024இல் வந்த அறிக்கையில் அவர்கள் கல்லறை என்று அடித்துச் சொல்லவில்லை, தோண்டிப் பார்க்க வேண்டிய இயல்பு மாறிய இடம் என்றே எழுதினார்கள். அந்தச் சொல்முறையைப் பின்பற்றுங்கள்.

பெரிய பிரமிடின் வடக்கு முகத்துக்குப் பின்னால் இருந்த நடைபாதையும் இப்படித்தான் உறுதியானது. முதலில் மியூவான் துகள் அளவீடு (வானிலிருந்து வந்து கல்லை ஊடுருவும் துகள்களை எண்ணி வெற்றிடத்தைக் காண்பது), பிறகு ராடாரும் மீயொலியும், கடைசியில் கற்களின் இணைப்பு வழியே மெல்லிய கேமரா. 2023 மார்ச்சில் 9 மீட்டர் நீளப் பாதையை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

மணலில் புதைந்த செங்கல் மஸ்தபா என்றால் காந்தமானிதான் சிறந்த துணை. நைல் வண்டலால் செய்த செங்கல், சுற்றியிருக்கும் மணலைவிடக் காந்தத்தன்மை கூடியது. திண்டின் வடிவத்தைக் காந்தமானி ஒரே நாளில் வரைந்து கொடுத்துவிடும், அதற்குள் குழி எங்கே என்று ராடாரால் நெருங்கித் தேடலாம்.

ஊரிலிருந்தே பழக நினைப்பவர்களுக்கு ஒரு வழி: ஜிபிஆர்மேக்ஸ் என்ற இலவச மென்பொருள். மணலும் பாறையும் குழியும் நீங்களே வரைந்து கொடுத்தால், ராடாரில் அது எப்படித் தெரியும் என்று கணக்கிட்டுக் காட்டும். வெற்றுக் குழி, நிரம்பிய குழி, சாய்ந்த பிளவு மூன்றையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களத்தில் சந்தேகம் வரும்போது இந்த மாதிரிப் படங்கள் கை கொடுக்கும்.

படி 9: அறிக்கையும் அதன் பிறகும்

தோண்டுபவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஆயத்தொலைவு, ஆழமும் அதன் பிழை வரம்பும், பயன்படுத்திய வேகம், எந்தெந்த ஓட்டங்களில் தெரிந்தது, வேறு என்னவாக இருக்கலாம் என்பது எல்லாம் இருக்கட்டும். 'பாறைப் பரப்பில் நேர்விளிம்புள்ள இடைவெளி, நிரம்பிய குழியாகவோ பழைய அகழாய்வுப் பள்ளமாகவோ இருக்கலாம்' என்று எழுதினால் தோண்டுபவருக்கு அது உதவும். எதுவும் தெரியாத பகுதிகளையும் குறியுங்கள். அலை போகாததால் தெரியவில்லையா, உண்மையிலேயே வெறுமையா என்று பிரித்துச் சொல்லுங்கள். நிருபர்களிடம் பேசுவது குழுத் தலைவரின் வேலை, மன்றத்தின் அனுமதி இல்லாமல் அதையும் செய்ய முடியாது.

தோண்டிய பிறகு மறக்காமல் திரும்பிப் போங்கள். பாறை உண்மையில் எந்த ஆழத்தில் இருந்தது, குழி எதனால் நிரம்பியிருந்தது, நீங்கள் குறித்த இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அந்த எதிரலையைக் கொடுத்தது எது என்று அளந்து வாங்கி, வேகத்தைத் திருத்தி, மீதமுள்ள கட்டங்களை அந்தப் புதிய வேகத்தில் மறுபடி செயலாக்குங்கள். அடுத்த பருவத்தில் தோண்ட வேண்டிய இடங்களின் பட்டியல் அதிலிருந்துதான் வரும்.